ஓடுகிற குட்டியைக் கட்டாதீர்கள்

நாய்க்குட்டி வந்த வீட்டுக்கு அறிவுரை சொல்ல ஆள் தேட வேண்டியதில்லை. மேல் வீட்டுக்காரர், பால் போடுபவர், ஒரு காலத்தில் அல்சேஷன் வளர்த்த சித்தப்பா என்று எல்லோரிடமும் ஒரு கருத்து தயாராக இருக்கும். குட்டி தினமும் சாயங்காலம் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் இடையே தலைதெறிக்க ஓடுகிறது என்று சொன்னால் போதும். “செல்லம் கொடுத்தா இப்படித்தான், கட்டிப் போடுங்க” என்பார் ஒருவர். “ரெண்டு போட்டாத்தான் அடங்கும், வீட்ல யார் பெரியவங்கன்னு அதுக்குத் தெரியணும்” என்பார் இன்னொருவர். கொஞ்சம் இரக்கமுள்ளவர், “நல்லா ஓட்டி அலுக்க வைங்க, அப்புறம் சத்தமே வராது” என்பார். கேட்க மூன்றும் வெவ்வேறு யோசனைகள். மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கை: வீட்டுக்குள் குட்டி ஓடுவது ஒரு கோளாறு, எப்படியாவது அதை நிறுத்தியாக வேண்டும்.

இந்த நம்பிக்கை தவறு. அதுவும் தீங்கு செய்கிற தவறு. குட்டியின் இடுப்பெலும்பையும், மனிதர்கள்மேல் அதற்கு இருக்கும் நம்பிக்கையையும், சில வீடுகளில் குட்டியையே இழக்க வைக்கிற தவறு. ஓட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. மாற்ற வேண்டியவை குட்டி ஓடுகிற தரையும், அதன் ஒரு நாளை நாம் வகுத்திருக்கும் விதமும்தான்.

முதலில் அந்த ஓட்டத்தையே கொஞ்சம் கவனித்துப் பார்க்கலாம். அதுவரை சுருண்டு கிடந்த மூன்று மாதக் குட்டி எழுந்து உடம்பை உதறுகிறது. கண் அகலுகிறது, காது பின்னால் ஒட்டிக்கொள்கிறது. பின்புறத்தைத் தாழ்த்தி, சோபாவைச் சுற்றி, சாப்பாட்டு மேசைக்கு அடியில் புகுந்து, சமையலறை வாசலில் சறுக்கித் திரும்பி, மறுபடி சோபாவுக்கு வருகிறது. நடுவில் முன்னங்கால்களைத் தரையோடு படிய வைத்து, பின்புறத்தை மட்டும் தூக்கி ஒரு நொடி நிற்கிறது. ‘வா விளையாடலாம்’ என்பதற்கு நாய்களிடம் உள்ள சைகை அது. பிறகு மறுபடி ஓட்டம். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. நேராகத் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போகிறது, குடிக்கிறது, பொத்தென்று விழுந்து தூங்கிவிடுகிறது.

நாய்களின் நடத்தையைப் படிப்பவர்கள் இதற்கு ‘ஃப்ரெனடிக் ராண்டம் ஆக்டிவிட்டி பீரியட்ஸ்’ என்று நீளமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாய் வளர்ப்பவர்கள் ‘சூமீஸ்’ என்கிறார்கள். எந்த நேரத்தில் வரும் என்பதும் ஓரளவு சொல்லக்கூடியதே: தூங்கி எழுந்ததும், குளிப்பாட்டித் துடைத்ததும், மலம் கழித்து முடித்ததும், வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பியதும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சாயங்காலத்தில். நேரம் பார்த்து வருகிற ஒன்றைக் கட்டுப்பாடில்லாத சேட்டை என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

சென்னையிலோ கோவையிலோ ஓர் அடுக்குமாடி வீட்டின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலை 9 மணிக்குள் ஆட்கள் கிளம்பிவிடுகிறார்கள். பாட்டியும் குட்டியும் மட்டும் மின்விசிறிக்கு அடியில். வெளியே வெயில். உடம்பு முழுக்க வியர்த்துச் சூட்டை இறக்கிக்கொள்ளும் வசதி நாய்க்குக் கிடையாது, மூச்சிரைத்துத்தான் இறக்க வேண்டும். அதனால் பகலெல்லாம் குட்டி தரையோடு தரையாகக் கிடக்கிறது. வெளியே அழைத்துப் போகவும் முடியாது. பார்வோ நோய்க்கான தடுப்பூசித் தொடர் ஆறேழு வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை போகும். அது முடியும் வரை தெருவில் விடாதீர்கள் என்று மருத்துவர் சொல்லியிருப்பார். வெயில் தணிந்து, வீட்டில் ஆள் நடமாட்டமும் திரும்பும் ஏழு மணிக்குக் குட்டி ஓடுகிறது. வேறு எப்போது, வேறு எங்கே ஓடும்? தெரு மூடியிருக்கும் அந்த மாதங்களில்தான் அதற்கு ஓட்டம் மிக அதிகமாகத் தேவைப்படுகிறது.

இங்கே ‘தேவை’ என்ற சொல் செல்லம் கொடுப்பதற்கான சாக்கு இல்லை. அதற்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறது. ஜான் பையர்ஸ், கர்ட் வாக்கர் ஆகிய ஆய்வாளர்கள் 1995இல் எலி, சுண்டெலி, பூனை ஆகிய விலங்குகளின் விளையாட்டுப் பருவத்தை அவற்றின் உடல் வளர்ச்சியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஓடுவதும் துள்ளுவதும் உச்சத்தில் இருக்கும் காலமும், உடல் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் சிறுமூளையில் நரம்பு இணைப்புகள் அமையும் காலமும் ஒத்துப்போயின. அதாவது, நிரந்தரமாக நிற்கப்போகிற ஒரு கட்டமைப்பு உருவாகும் நேரத்தில்தான் குட்டிகள் ஓடுகின்றன. 2001இல் மாரெக் ஷ்பிங்கா, ரூத் நியூபெரி, மார்க் பெக்காஃப் மூவரும் இன்னொரு விளக்கத்தை முன்வைத்தார்கள். விளையாடும் விலங்கு வேண்டுமென்றே தன் நிலை தவறுகிறது, சறுக்குகிறது, விழுந்து எழுகிறது. எதிர்பாராதது நடக்கும்போது உடம்பையும் மனதையும் எப்படி மீட்டுக்கொள்வது என்று அது பழகுகிறது என்றார்கள். சாப்பாட்டு மேசையின் காலில் இடிக்காமல் கடைசி நொடியில் உடம்பை வளைத்துத் திரும்பும் குட்டியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் ஊருக்குப் பழக்கமான சாட்சி ஒன்றும் உண்டு. அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி வாலைத் தூக்கிக்கொண்டு களத்தைச் சுற்றித் துள்ளி ஓடும்போது எந்த விவசாயியும் அதற்குப் பைத்தியம் என்று சொல்வதில்லை. கன்று தேறிவிட்டது என்றுதான் மகிழ்கிறார். ஆராய்ச்சியும் அவர் பக்கம் நிற்கிறது. பால் குறைவாகக் கிடைத்த கன்றுகள் ஓடி விளையாடுவது குறைந்ததைக் கனடாவில் 2010இல் பதிவு செய்தார்கள். கொம்பு முளையைச் சுட்ட வலியில் இருக்கும் கன்றுகளும் குறைவாகவே ஓடின என்று அமெரிக்காவில் 2013இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பசியும் வலியும் பயமும் வந்தால் முதலில் நின்றுபோவது விளையாட்டு. அப்படியென்றால், சாயங்காலம் ஓடுகிற குட்டி தன்னைப் பற்றி ஒரு நல்ல செய்தியைத்தான் வீட்டுக்குச் சொல்கிறது.

இனி அந்த மூன்று அறிவுரைகளுக்கு வருவோம்.

கட்டிப் போடுவது முதல் அறிவுரை. அது வேலை செய்வதுபோல் தோன்றுவது உண்மை. சங்கிலி மாட்டியதும் ஓட்டம் நின்றுவிடும். ஆனால் நின்ற ஓட்டம் எங்கே போகிறது? டென்மார்க்கைச் சேர்ந்த மார்கிட் பாக் யென்சன் 1999இல் இதே கேள்வியைக் கன்றுகளிடம் கேட்டார். இடம் நெருக்கி அடைத்து வைக்கப்பட்ட கன்றுகளைத் திறந்த வெளியில் விட்டபோது, அவை வழக்கத்தைவிட அதிகமாகப் பாய்ந்தன, துள்ளின. அடக்கி வைத்த காலத்தில் ஓடும் உந்துதல் கரையவில்லை, சேர்ந்துகொண்டே இருந்தது. நாய்க்குட்டி வீடுகளிலும் நடப்பது இதுதான். பகல் முழுக்க ஜன்னல் கம்பியில் கட்டிய குட்டியை இரவு ஏழு மணிக்கு அவிழ்க்கிறார்கள். அது பேயாய்ப் பறக்கிறது. பார்த்தீர்களா, அவிழ்த்தால் இப்படித்தான் என்று மறுநாள் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக் கட்டுகிறார்கள். வீட்டார் நோய்க்கு மருந்து என்று நினைத்துக் கொடுப்பதே நோயை வளர்க்கிறது.

சட்டமும் இதைப் பற்றிப் பேசுகிறது என்பது பலருக்குத் தெரியாது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, நியாயமற்ற அளவுக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் விலங்கை நெடுநேரம் கட்டி வைப்பதைக் கொடுமை என்று வரையறுக்கிறது. அதோடு நிற்கவில்லை. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி தராமல் உரிமையாளர் விட்டுவிடுவதையும், நாய் என்று பெயர் சொல்லியே, குற்றமாகச் சேர்த்திருக்கிறது. இந்தச் சட்டம் பிறக்கக் காரணமாக இருந்தவர் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்த ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்திராவை நிறுவிய அவரே 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவர். அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே, ஓடத் தேவையுள்ள பிராணி நாய் என்று நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டு எழுதி வைத்திருக்கிறது. முதல் முறை குற்றத்துக்கு அதில் உள்ள அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரைதான் என்பதும் அதே சட்டத்தின் பக்கத்தில் இருக்கிற வேதனை.

இரண்டாவது அறிவுரையான அடிதான் மிக ஆபத்தானது. ஏனென்றால் அதற்குப் பின்னால் ஒரு கோட்பாடும் துணைக்கு வருகிறது. நாய் ஓநாயின் வழி வந்தது. ஓநாய்க் கூட்டத்தில் சண்டை போட்டு ஜெயித்ததுதான் தலைவன். வீட்டில் மனிதன் அந்தத் தலைவனாக இருக்க வேண்டும். குட்டி கட்டுக்கடங்காமல் ஓடுவது அந்தத் தலைமைக்கு விடும் சவால். பயிற்சியாளர்கள் பலர் இன்றும் இதைச் சொல்லித்தான் குட்டியை மல்லாக்கப் புரட்டி அமுக்கச் சொல்கிறார்கள்.

இந்தக் கோட்பாட்டின் ஊற்று ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் வெளியிட்ட ஆய்வு. அவர் பார்த்தது சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களை. டேவிட் மெக் 1970இல் எழுதிய ஓநாய் நூல் அந்தக் கருத்தை உலகமெங்கும் கொண்டுபோனது. பிறகு அதே மெக், கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் கோடைக்குக் கோடை காட்டு ஓநாய்களோடு தங்கி, 1999இல் தன் பழைய கருத்தையே திருத்தினார். இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், அவற்றின் பிள்ளைகள் அடங்கிய ஒரு குடும்பம். பெற்றோர் வழிநடத்துகின்றன, பிள்ளைகள் பின்தொடர்கின்றன, அரியணைச் சண்டை அங்கே இல்லை. தன் பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பகத்திடம் அவரே கேட்டுக்கொண்டார். எழுதியவர் கைவிட்ட கருத்தை நம் வீட்டு ஹாலில் மூன்று மாதக் குட்டியின்மேல் பிரயோகித்துக் கொண்டிருக்கிறோம்.

அடித்தால் என்ன நடக்கிறது என்பதும் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. பிரிட்டனில் 364 நாய் உரிமையாளர்களிடம் கேட்டு 2004இல் வெளிவந்த ஆய்வில், பரிசு கொடுத்துப் பழக்கியவர்களின் நாய்கள் கீழ்ப்படிவதில் மேலாக இருந்தன. தண்டனையை அதிகம் பயன்படுத்தியவர்களின் நாய்களுக்குத் தொல்லை தரும் பழக்கங்கள் அதிகம் இருந்தன. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நடத்தைச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களிடம் கேட்டு 2009இல் வெளியான ஆய்வில், அடி உதை வாங்கிய நாய்களில் 43 சதவீதம் பதிலுக்குச் சீறின. அவை ஏற்கெனவே சிக்கலோடு மருத்துவமனைக்கு வந்த நாய்கள் என்பதை மறக்க வேண்டியதில்லை. ஆனால் அடி அந்தச் சிக்கலைத் தணிக்கவில்லை என்பதும் அதில் தெளிவாகிறது. போர்ச்சுகலில் ஏழு பயிற்சிப் பள்ளிகளைச் சேர்ந்த 92 நாய்களை ஆராய்ந்து 2020இல் வந்த முடிவு இன்னும் கூர்மையானது. கடுமையாகப் பழக்கிய பள்ளிகளின் நாய்களுக்குப் பயிற்சிக்குப் பிறகு எச்சிலில் மன அழுத்தச் சுரப்பான கார்டிசால் கூடியிருந்தது. வகுப்புக்கு வெளியே வைத்த சோதனையிலும் அவை நல்லதை எதிர்பார்க்காத மனநிலையிலேயே இருந்தன. அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர்களின் சங்கம் 2021இல், எந்த நாயானாலும் எந்தச் சிக்கலானாலும் பரிசு வழிப் பயிற்சியையே பயன்படுத்த வேண்டும் என்று அறிவித்தது.

இவ்வளவு ஆதாரத்துக்கும் முன்னால், ஓர் எளிய உண்மை இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது அடி வாங்கிய குட்டி, ‘ஓடக் கூடாது’ என்று கற்றுக்கொள்வதில்லை. கை ஓங்கினால் வலிக்கும் என்று கற்றுக்கொள்கிறது. பிறகு ஒரு நாள் காதில் மருந்து விட, கழுத்துப் பட்டை மாட்ட, வாயில் சிக்கிய எலும்பை எடுக்க அதே கை நீளும்போது, அது பல்லைக் காட்டுகிறது. அன்றைக்கு அந்த வீடு, நாய் திடீரென்று மாறிவிட்டது என்று சொல்லும். அதைக் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் இறக்கிவிட்டுப் போகிறவர்களிடம் காரணம் கேட்டால், கடிக்க வந்தது என்பார்கள்.

அலுக்க வைக்கச் சொல்லும் மூன்றாவது அறிவுரை நல்ல மனதோடு வருவது. அதனாலேயே அதை மறுப்பது கொஞ்சம் கடினம். வளர்ந்த நாய்க்குத் தினமும் நடையும் ஓட்டமும் அவசியம் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. எலும்பு முற்றாத குட்டியின் கதை வேறு. பெரிய இனக் குட்டிகளுக்கு எலும்பின் வளர்ச்சித் தட்டு மூடி முடிய ஒரு வருடத்துக்கு மேலாகும். அதுவரை பைக்குக்குப் பின்னால் ஓட வைப்பதும், மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் பந்து எறிந்து எறிந்து திரும்பத் திரும்பப் பாய வைப்பதும் அந்த மூட்டுகள் தாங்கக்கூடியவை இல்லை. தானாக ஓடும் குட்டி தானாக நிற்கும், பிறர் ஓட்டும் குட்டிக்கு நிற்கும் உரிமை கிடையாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

அதைவிட முக்கியமான ஒன்று: சாயங்கால ஓட்டம் பல நேரங்களில் மிஞ்சிய சக்தியால் வருவதே இல்லை, தூக்கம் போதாததால் வருகிறது. குட்டி நாளின் பெரும்பகுதியைத் தூங்கிக் கழிக்க வேண்டிய உயிர். விருந்தாளிகள் வந்து தூக்கிக் கொஞ்சி, பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் எழுப்பி எழுப்பி விளையாடினால், அதன் நரம்புகள் தளர்வதற்குப் பதிலாக முறுக்கேறும். கைக்குழந்தை வளர்த்த எந்தத் தாய்க்கும் இது புதிதில்லை. அந்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் ஓட்டினால் எரிகிற அடுப்பில் விறகைத் தள்ளியதாகும். தேவைப்படுவது மறைவான ஒரு மூலை, மங்கலான வெளிச்சம், யாரும் தொடாத ஒரு மணி நேரம்.

மூக்குக்கு வேலை கொடுப்பது இன்னொரு வழி. ஷார்லட் டுராண்டன், அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இருவரும் 20 நாய்களைக் கொண்டு செய்த ஆய்வு 2019இல் வந்தது. இரண்டு வாரம் மோப்பம் பிடித்துத் தீனி தேடிய நாய்களின் மனநிலை நல்லதை எதிர்பார்க்கும் பக்கம் திரும்பியது. ஆளின் காலோடு ஒட்டி நடக்கப் பழகிய நாய்களிடம் அந்த மாற்றம் வரவில்லை. வீட்டில் இதற்குச் செலவே கிடையாது. பழைய துண்டில் தீனியைத் தூவிச் சுருட்டிப் போட்டால் போதும். இரவுச் சாப்பாட்டைக் கிண்ணத்தில் கொட்டாமல் இப்படித் தேட விட்டால் கால் மணி நேரம் குட்டி தலை நிமிராது.

எதிர்த் தரப்பின் வாதங்களில் வலுவானவையும் இருக்கின்றன. வீட்டில் எழுபது வயது அம்மா இருக்கிறார், குட்டி காலுக்கு இடையில் புகுந்து அவர் விழுந்தால் யார் பொறுப்பு? நான்கு வயதுப் பிள்ளையின் பாவாடையைப் பிடித்து இழுக்கிறதே? கீழ் வீட்டுக்காரர் தட்தட்டென்று சத்தம் வருகிறது என்கிறாரே? இவை உண்மையான கவலைகள். முதியவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிவது சின்ன விஷயமில்லை. ஆனால் இந்தக் கவலைகளுக்கெல்லாம் விடை ஓட்டத்தை ஒழிப்பதில் இல்லை, தரையில் இருக்கிறது.

நம் வீட்டுத் தரைகள் கடந்த சில பத்தாண்டுகளில் கண்ணாடியாகிவிட்டன. சிமெண்டும் செங்காவியும் போய் விட்ரிஃபைட் டைல்ஸும் பாலிஷ் போட்ட கிரானைட்டும் வந்துவிட்டன. அதன்மேல் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போனால், ஓடி வரும் குட்டியின் பின்னங்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துபோகும். நெதர்லாந்தில் பாக்ஸர் இனக் குட்டிகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வு 2005இல் வெளியானது. வழுக்கும் தரையில் வளர்ந்தவற்றுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறின் அறிகுறிகள் வரும் வாய்ப்பு, மற்றவற்றைவிட 1.6 மடங்கு இருந்தது. நார்வேயில் லாப்ரடார் உட்பட நான்கு பெரிய இனங்களின் சுமார் 500 நாய்களைப் பின்தொடர்ந்து 2012இல் வந்த ஆய்வு, முதல் மூன்று மாதங்களில் தினமும் மாடிப்படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்புக் கோளாறின் ஆபத்து கூடுவதையும், அதே வயதில் மேடு பள்ளமான மெத்தென்ற மண் தரையில் கட்டில்லாமல் திரிந்த குட்டிகளுக்கு அது குறைவதையும் கண்டது. கட்டில்லாத ஓட்டம் அந்த மூட்டுகளுக்குக் காவலாக இருந்திருக்கிறது. பழியைச் சுமக்க வேண்டியவை படியும் டைல்ஸும். நம் ஊரில் லாப்ரடார் இல்லாத தெரு இல்லை என்பதால், இந்த இரண்டு முடிவுகளும் நமக்கு மிக அருகில் நிற்பவை.

ஆகவே குட்டி எந்தத் தடத்தில் ஓடுகிறதோ அந்தத் தடத்தில் அடியில் ரப்பர் ஒட்டிய மிதியடிகளைப் போடலாம். யோகா பாய், பழைய ஜிம் ரப்பர், தேங்காய் நார் விரிப்பு எல்லாம் உதவும். சும்மா விரித்த ஜமக்காளமும் கோரைப் பாயும் டைல்ஸோடு சேர்ந்தே வழுக்கும், அவை வேண்டாம். திரும்பும் முனைகளில், குறிப்பாகச் சமையலறை வாசலில், ஒன்று கட்டாயம் வேண்டும். நகத்தை வெட்டி, பாதத்துக்கு அடியில் வளரும் முடியைக் கத்தரித்துவிட்டால் பிடிமானம் கூடும், கீழ் வீட்டுக்கும் சத்தம் குறையும். கண்ணாடி டீபாயை ஓரம் கட்டுங்கள். பால்கனிக் கதவையும் மாடிப்படி வழியையும் தடுப்பு வைத்து மூடுங்கள். ஓட்டம் வரும் நேரம் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். அந்தக் கால் மணி நேரம் பாட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் விழும் பயமில்லை.

குட்டி துணியைக் கவ்வினால், கத்திக்கொண்டு ஓடுவதுதான் பிள்ளைகள் செய்யும் முதல் காரியம். குட்டிக்கு அது விளையாட்டுக்குக் கூப்பிடுவது. கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். குட்டி கடித்து இழுக்க ஏற்ற ஒரு கயிற்றைப் பெரியவர் ஒருவர் தூர எறிந்தால் குட்டி அதன் பின்னால் போய்விடும். குட்டியைத் துரத்திப் பிடிக்கவே கூடாது. துரத்தினால் ஓட்டம் நீளும், ‘வா’ என்ற சொல்லுக்கு மதிப்பும் போகும். ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை. விளையாட்டாகவே ஆனாலும் பல் பட்டுத் தோல் கீறிவிட்டால், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி வழக்கமாக மூன்று மாத வயதில்தான் போடுவார்கள். மனிதர்களுக்கான தடுப்பூசி அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. வீட்டுக்குட்டிதானே என்று விடக் கூடாது.

வெறிநோய் பயத்தாலும் பல குட்டிகள் அடி வாங்குகின்றன. தெருவில் பார்த்ததையும் கேட்டதையும் வைத்து, தறிகெட்டு ஓடும் நாயைக் கண்டதும் மனம் அங்கேதான் போகிறது. வெறிநோய் கண்ட நாய் மூன்று நிமிடம் ஓடிவிட்டுத் தண்ணீர் குடித்துத் தூங்காது. அதன் குரல் மாறும், விழுங்க முடியாமல் எச்சில் வழியும், கால்கள் தள்ளாடும். நிலைமை நாளுக்கு நாள் மோசமாகுமே தவிர மறுநாள் காலை பழையபடி வாலாட்டாது.

அதற்காக எல்லா ஓட்டத்தையும் விளையாட்டு என்று கொண்டாடிவிடவும் கூடாது. கைப்பேசியில் படம் பிடித்துச் சிரிப்பதற்கு முன்னால் குட்டியின் முகத்தைப் பார்க்க வேண்டும். பட்டாசு வெடித்த பிறகு அறைக்கு அறை ஓடி ஒளிய இடம் தேடுகிற குட்டி விளையாடவில்லை, நடுங்குகிறது. தன் வாலையே துரத்தி மணிக்கணக்கில் சுற்றுகிற, கூப்பிட்டாலும் தீனி காட்டினாலும் நிறுத்த முடியாத குட்டிக்கு மருத்துவர் தேவை. அப்படி வால் துரத்தும் நாய்களில் பல, தாயைவிட்டு மிகச் சீக்கிரம் பிரிக்கப்பட்டவை என்று பின்லாந்தில் 2012இல் வந்த ஆய்வு சொல்கிறது. கண் திறக்காத குட்டியைக்கூடச் சந்தையில் விற்கும் ஊர்க்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விளையாட்டு ஓட்டத்தில் வாய் தளர்ந்து திறந்திருக்கும், உடம்பு வளைந்து நெளியும், நடுவே நின்று நம்மைப் பார்க்கும். பயந்த ஓட்டத்தில் இவை எதுவும் இருக்காது.

நாட்டு நாய் வளர்க்க ஆசைப்படுபவர்களிடமும் இதே பேச்சு ஓடுகிறது. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய பெயர்கள் ஒலித்த பிறகு, அந்தக் குட்டிகளைத் தேடி நகரத்திலிருந்தும் ஆட்கள் போனார்கள். சில மாதத்தில் சிலர் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள், வீட்டுக்குள் ஓடுகிறது, அடுக்குமாடிக்கு ஆகாது என்று. சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் முயலைத் துரத்திப் பிடிக்கத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்தவை. குறுகிய தூரத்தை மின்னலாகக் கடந்துவிட்டு நெடுநேரம் படுத்துக் கிடப்பது வேட்டை நாயின் இயல்பு. ஒரு நாளில் சில நிமிடம் ஹாலைக் கலக்கிவிட்டு மற்ற நேரமெல்லாம் அமைதியாகத் தூங்கும் நாய் அடுக்குமாடிக்கு ஆகாதென்றால், வேறு எந்த நாய் ஆகும்? அந்தச் சில நிமிடத்தையும் பொறுக்காதவர்கள் அந்த இனத்தின் அடையாளத்தையே பொறுக்காதவர்கள்.

இந்த ஓட்டம் ஆயுள் முழுக்க நீடிப்பதும் இல்லை. ஒன்றரை, இரண்டு வயதுக்குள் தானாகவே அடிக்கடி வருவது குறைந்துவிடும். அதுவரைக்குமான ஏற்பாடுதான் கேட்கப்படுகிறது. இன்றைக்குக் குட்டி வாங்கும் அன்றே கடைக்காரர் சங்கிலியையும் பெல்ட்டையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறார், வாங்குபவரும் அதுதான் முதல் தேவை என்று நம்பி எடுத்துப் போகிறார். முதல் தடுப்பூசிக்கு வரும் குடும்பத்திடம், “வீட்டில் என்ன தரை?” என்று மருத்துவர் ஒரு கேள்வி கேட்கத் தொடங்கலாம். தடுப்பூசி முடியும் வரை தெருவில் இறக்காமல் கையில் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவையும், ஆட்களையும், மழையையும் காட்டச் சொல்லலாம். எந்த நேரத்தில் ஓடுகிறது, எவ்வளவு தூங்குகிறது என்று குறித்து வரச் சொல்லலாம். சங்கிலி தெருவுக்குப் போகும்போது வேண்டும். வீட்டுக்குள் அதற்கு வேலையில்லை.